மலையே சார்ஜ் போடும்

பெயிண்ட் கடையில் அஸ்லாக்கிடம் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் பதில் கார் பேட்டரியின் சதவீதத்தில்தான் வரும். "காலைல எழுபத்தெட்டுல கிளம்பினேன், எழுபத்தேழுல வந்து நிறுத்தினேன்" என்பார். கேட்டவர் பாவம், வேலிக்கு ஒரு டப்பா சிவப்பு வாங்க வந்தவராக இருப்பார்.

ஹோனஃபோஸ் ஊரில் அந்தக் கடையின் நிறம் கலக்கும் மேடைக்குப் பின்னாலேயே அவருக்குத் தலை நரைத்தது. ஒரு சொட்டு கறுப்பு கூடிப்போனால் மொத்த டப்பாவும் வீண் என்கிற தொழில். அந்தச் சொட்டுப் புத்தி மின்சாரக் கார் வாங்கிய அன்றே காருக்குள்ளும் ஏறி உட்கார்ந்துகொண்டது. காசு விஷயத்தில் அவரைக் கஞ்சன் என்று எந்த வாயும் சொல்லாது. கடையில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக் அவர் செலவுதான். ஆனால் பேட்டரியிலிருந்து காரணமில்லாமல் ஒரு துளி போனால், யாரோ அவர் உடம்பில் ஊசி குத்தி ரத்தம் எடுத்த மாதிரி முகம் போகும்.

அவருடைய முறைகள் ஊருக்கே மனப்பாடம். வண்டியை இரவெல்லாம் வீட்டு மின்சாரத்தில் செருகி வைப்பார். கிளம்புவதற்கு முன்பே, செருகியபடியே உள்ளே சூடேற்றிவிடுவார். அது வீட்டுக் கணக்கு, பேட்டரிக் கணக்கில் வராது. சக்கரத்தில் காற்று எப்போதும் கிண்ணென்று இருக்கும். கூரைமேல் பெட்டி கிடையாது, காற்றைத் தடுக்குமாம். வேகம் எழுபத்தைந்தைத் தாண்டாது. அதனால் பின்னால் வண்டிகள் வால் மாதிரி சேரும். பஸ் நிற்கிற இடம் வந்தால் ஒதுங்கி எல்லாருக்கும் வழிவிட்டு மரியாதையாகக் கை காட்டுவார். சிலர் திருப்பிக் காட்டுவார்கள், முழுக் கையையும் அல்ல. இறக்கம் வந்தால் காலை எடுத்துவிடுவார், சக்கரம் சுற்றுகிற விசை பேட்டரிக்கே திரும்பிவிடும். பிரேக்கை மிதிப்பது அவருக்குத் தோற்றுப்போவது.

இதெல்லாம் புத்தியுள்ள யாரும் செய்வதுதான். வம்பு ஹீட்டரில் இருந்தது.

குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் போகிற தூரத்தில் கால்வாசி காணாமல் போகும். ஆகவே அஸ்லாக் போடமாட்டார். இருக்கைச் சூடு மட்டும் உண்டு. அதுவும் ஏற்றத்தில் கிடையாது. அவருக்குக் குளிர் தெரியாது, திரையில் எண் தெரிந்தால் போதும். தெரிந்ததெல்லாம் பக்கத்து இருக்கையில் இருக்கிற அவர் மனைவி குன்வோருக்குத்தான். கம்பளி உள்சட்டை, அதன்மேல் கம்பளிச் சட்டை, அதன்மேல் கோட், பனிச்சறுக்குக்குப் போடுகிற கால்சட்டை, மடியில் ஆட்டுத்தோல். இப்படி மூட்டை மாதிரி ஏறுவதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி கேட்பார்:

"குன்வோர், வட துருவத்துக்கா?"

"அக்கா வீட்டுக்கு."

"அது துருவத்துக்கு இந்தப் பக்கம்தானே?"

"இவர் வண்டில போனா அந்தப் பக்கம்."

சிரித்துவிட்டுக் கதவைச் சாத்துவார். கண்ணாடியில் படிகிற மூச்சைத் துடைக்க மடியில் ஒரு துணியும் வைத்திருப்பார். சண்டை போட்டதில்லை. போட்டிருந்தால் அஸ்லாக்குக்கு நல்லதாகப் போயிருக்கும்.

குன்வோரின் அக்கா இங்குன் இருப்பது மலைக்கு அந்தப் பக்கம், எய்ட்ஃபியோரில், கடல்நீர் மலைக்குள் நீண்டு வந்து நிற்கிற இடத்தில். பள்ளத்தாக்கில் ஏறி, யைலோ ஊரைத் தாண்டி, மரமே இல்லாத பீடபூமியைக் கடந்து, பிறகு ஆயிரம் மீட்டருக்கு மேல் ஒரே சறுக்கலாக இறங்கினால் அக்கா வீட்டு வாசல். இந்தக் கடைசி இறக்கத்தில்தான் அஸ்லாக்கின் உயிர் இருந்தது. பேட்டரி ஏறக்குறைய காலியாக முகட்டுக்கு வருவார். கீழே போய்ச் சேரும்போது எண் ஏழோ எட்டோ கூடியிருக்கும். "மலையே சார்ஜ் போடும்" என்பார். ஏறுகிற வழியிலேயே, இன்னும் வராத அந்த இறக்கத்தைக் கணக்கில் வைத்துத்தான் ஓட்டுவார். ஹோனஃபோஸிலிருந்து எய்ட்ஃபியோர் வரை ஒருமுறைகூட வழியில் நின்று சார்ஜ் போட்டதில்லை. திரையை ஒவ்வொரு தடவையும் படம் பிடித்து வந்து கடையில் காட்டுவார்.

இங்குன் அக்காவின் கணவர் ஹால்வார் டீசல் ஆள். பெரிய வண்டி, பெரிய வயிறு, பெரிய குரல்.

"குன்வோரை எப்பக் கொண்டு வந்தாலும் உறைஞ்ச மீன் மாதிரியே கொண்டு வர்றியே அஸ்லாக். கரைய வைக்கவே எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகுது."

"வழியில எங்கயும் நிக்காம வந்தேன் தெரியுமா? நீயா இருந்தா ரெண்டு தரம் டீசல் அடிச்சிருப்ப."

"நான் வீட்டுலயேதானே இருந்தேன். ஒரு தரம்கூட அடிக்கல. உன்னைவிட மிச்சம்."

இப்படியே வருஷங்கள் போயின.

அந்த பிப்ரவரியில் இங்குன் அக்காவுக்கு எழுபது முடிந்தது. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஊர்க் கூடத்தில் விருந்து. அதற்கு முந்தைய வசந்தத்தில் அக்காவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. அக்கா தங்கை இருவரும் சின்ன வயதிலிருந்து அக்கார்டியன் வாசிப்பவர்கள், நடனக் கூட்டங்களுக்கெல்லாம் ஜோடியாகப் போனவர்கள். ஒரு கையால் அந்தப் பெட்டியை இழுக்கவும் முடியாது, மடக்கவும் முடியாது. குன்வோர்தான் யோசனை சொன்னார். அக்கா பியானோவில் வலது கையால் மேல் பாட்டை வாசிக்கட்டும், இடது கை செய்யவேண்டியதை இவர் தன் அக்கார்டியனில் செய்வார். இலையுதிர்காலம் முழுக்கப் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு இருவரும் ஒரே ஒரு வால்ட்ஸ் நடனப் பாட்டைப் பழகினார்கள். சமையலறையில் அதைக் கேட்டுக் கேட்டு அஸ்லாக் பெயிண்ட் கலக்கும்போதும் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார். சாகப்பார்த்துப் பிழைத்த அக்கா ஊர் முன்னால் ஒருமுறை வாசிக்க வேண்டும். குன்வோருக்கு அந்தக் குளிர்காலத்தில் வேறு ஆசை இல்லை.

வியாழக்கிழமை ஹால்வார் போனில் வந்தார். விருந்தை நடத்துகிறவர், யார் எப்போது எழுந்து பேசுவது என்று மைக்கில் சொல்கிறவர் அவர்தான்.

"அஸ்லாக், இந்தத் தடவை புயல் வருதாம். யைலோவுல நிக்காம வந்துட்டின்னா, எல்லார் முன்னாலயும் எழுந்து நின்னு உன் வண்டிக்குக் கிளாஸ் தூக்கி வாழ்த்து சொல்றேன்."

"நின்னா?"

"நின்னா நீ எழுந்து டீசலைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை பேசணும். மைக்ல."

"தயாரா இரு. நல்ல கிளாஸா எடுத்து வை" என்றார் அஸ்லாக்.

சனிக்கிழமை காலை குன்வோர் அக்கார்டியனை வண்டியில் ஏற்றினார். அஸ்லாக் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பதினோரு கிலோ அது."

"நான் அறுபத்தெட்டு. என்னையும் இறக்கிடவா?"

"உன்னைச் சொல்லல."

"யோசிச்ச."

யோசித்திருந்தார் என்பதுதான் கஷ்டம்.

யைலோவுக்கு வந்தபோது திரையில் முப்பத்துநாலு. வழக்கத்தைவிடக் குறைவு, எதிர்காற்று அப்படி. சார்ஜ் போடும் இடத்தில் பனிச்சறுக்குக் கூட்டம் வரிசை கட்டி நின்றது.

"கொஞ்சம் போட்டுக்கலாமா? இன்னும் நேரம் இருக்கு. ஒரு காபி குடிச்சா ஆச்சு" என்றார் குன்வோர்.

"முன்னால அஞ்சு வண்டி நிக்குது. நேரம் போயிடும். மலையே போடும்."

"அந்தக் கிளாஸுக்காகத்தானே?"

"நேரத்துக்காக."

குன்வோர் துணியால் கண்ணாடியைத் துடைத்தார். வண்டி யைலோவைத் தாண்டியது. அப்பா அம்மா கையைப் பிடித்து நடந்துபோன சின்னக் குழந்தைகூட அவர்களை முந்தியது என்று சொன்னால் பொய், ஆனால் பார்க்க அப்படித்தான் இருந்தது.

பீடபூமிக்கு ஏறுகிற இடத்தில், ஹௌகஸ்தோலில், தடுப்பு இறங்கியிருந்தது. மேலே புயல். இனி தனியாக யாரும் போக முடியாது. பனி தள்ளும் லாரி முன்னால் போகும், அதன் பின்னால் எல்லா வண்டிகளும் ஒட்டிக்கொண்டு வரிசையாகப் போகும், கடைசியில் சாலை வேலைக்காரர்களின் வண்டி காவலாக வரும். நடுவில் ஒருவர் நின்றால் அவருக்குப் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் நிற்க வேண்டும்.

மஞ்சள் கோட்டுப் போட்ட ஒரு இளைஞன் ஒவ்வொரு ஜன்னலாகத் தட்டிக்கொண்டு வந்தான். அஸ்லாக் கண்ணாடியை ஒரு விரல்கடை இறக்கினார். அதற்கு மேல் இறக்கினால் சூடு போய்விடும். இல்லாத சூடு.

"கம்பளி, சாப்பாடு இருக்கா?"

"இருக்கு."

"மின்சார வண்டியா? எவ்வளவு இருக்கு?"

"ஏன்?"

"பாதிக்குக் கீழ இருந்தா உள்ள விடறதில்ல. மேல காத்து மோசம். கம்மியா இருந்தா திரும்பிப் போய் யைலோல போட்டுக்கிட்டு அடுத்த வரிசைக்கு வாங்க. ஏழு மணிக்கு விட்டாலும் விடுவோம்."

ஏழு மணி. விருந்து ஆறுக்கு. திரையில் இருபத்தேழு. அஸ்லாக்கின் கை தானாகவே காபி ஃபிளாஸ்க்கின் மூடியை எடுத்து, எண் மறையும்படி திரைக்கு முன்னால் வைத்தது.

"ஐம்பத்திரண்டு" என்றார்.

ஐம்பது என்றால் பொய் மாதிரி இருக்கும் என்று அந்த இரண்டைச் சேர்த்தார்.

இளைஞன் குனிந்து பக்கத்து இருக்கையைப் பார்த்தான். குன்வோர் மூடியையும் பார்த்தார், கணவரையும் பார்த்தார். சீட்டாட்டத்தில்கூடப் பொய் சொல்லத் தெரியாத அந்தம்மா, முகத்தைத் திருப்பித் தன் பக்கத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அதில் ஈரமே இல்லை. பிறகு திரும்பி, மஞ்சள் கோட்டின் நெஞ்சில் பொடி எழுத்தில் தைத்திருந்த பெயரைப் பார்த்து, "நன்றி, யூஸ்டைன்" என்றார்.

"பத்திரமா வாங்க" என்று யூஸ்டைன் அடுத்த ஜன்னலுக்குப் போனான்.

அக்காவுக்காகத்தான் சொன்னேன் என்று அஸ்லாக் தனக்குள் சொல்லிக்கொண்டார். அது பொய் இல்லை. ஆனால் நினைவில் முதலில் வந்தது அக்கா முகம் இல்லை, ஹால்வாரின் கிளாஸ்.

வரிசை கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இருக்கைச் சூட்டையும் அணைத்தாகிவிட்டது. குன்வோர் பையிலிருந்து ரொட்டியை எடுத்து, பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த துண்டை அவருக்குக் கொடுத்தார். பிறகு கைகளை உறைக்குள் நுழைத்து மடிமேல் வைத்துக்கொண்டார். ஆட்டுத்தோலின்மேல் அந்தத் தடித்த கையுறைகள் மெல்ல அசைந்தன. முதலில் நடுக்கம் என்று நினைத்தார் அஸ்லாக். அப்புறம்தான் புரிந்தது, விரல்கள் வால்ட்ஸ் பழகிக்கொண்டிருந்தன. விறைத்துப்போகாமல் இருக்கவாம். ஹீட்டர் பொத்தான் அஸ்லாக்கின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் ரொட்டியைத் தின்றார்.

தடுப்பைத் தூக்கினார்கள். முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லை. எல்லா வண்டியும் விளக்கை மின்னவிட்டபடி ஊர்ந்தன. காற்று பக்கவாட்டில் வந்து வண்டியை உலுக்கிப் பார்த்துவிட்டுப் போயிற்று. எண் பத்தொன்பது ஆனது. பதினைந்தானது. ஊர்ந்து போனால் மிச்சமாகும் என்பது அவர் வேதம். அன்றைக்கு ஒன்றும் மிச்சமாகவில்லை. பனியை மிதித்து ஏறவும் காற்றைத் தள்ளவுமே எல்லாம் போயிற்று. எட்டு. ஐந்து. இறக்கம் வந்துவிட்டால் போதும். முதல் வளைவு திரும்பினால் போதும், மலை பார்த்துக்கொள்ளும்.

திரையில் ஆமைப் படம் ஒன்று எரிந்தது.

"அது என்ன ஆமை?" என்றார் குன்வோர்.

"சும்மா."

"சும்மா ஆமை வராது அஸ்லாக்."

வண்டி முனகியது. முன்னால் இருந்த சிவப்பு விளக்கு விலகி, மங்கி, வெள்ளைக்குள் போய்விட்டது. இறக்கம் தொடங்குகிற வளைவுக்கு நாலு கிலோமீட்டர் முன்னால் அஸ்லாக்கின் கார் நின்றது. அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாக எல்லாம் நின்றன.

யூஸ்டைன் கடைசி வண்டியிலிருந்து நடந்தே வந்தான், காற்றில் சாய்ந்து சாய்ந்து. கதவைத் திறந்தான். மூடி விழுந்துவிட்டிருந்தது, திரை அப்பட்டமாகத் தெரிந்தது.

"ஐம்பத்திரண்டுன்னீங்க."

அஸ்லாக் விழுந்த மூடியைக் குனிந்து எடுத்தார்.

"நான்தான் படிச்சுச் சொன்னேன்" என்றார் குன்வோர். "அவர் ரோட்டைப் பாத்துட்டிருந்தார். என் கண்ணாடி பையில இருந்துது, போட்டுக்கல. தப்பாப் படிச்சுட்டேன்."

யூஸ்டைன் அந்தம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அஸ்லாக்கைப் பார்த்தான்.

"அப்படியா?"

அஸ்லாக் "ஆமா" என்றார். இங்கே எல்லாரும் சொல்கிற மாதிரி, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே. சொன்ன சொல் வெளியே போகாமல் நேராக நெஞ்சுக்குள் இறங்கியது. இறங்கிய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

பின்னால் நின்றது ஒரு குழாய் வேலைக்காரரின் பழைய டீசல் வேன். அந்தம்மாவை அவர் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். அஸ்லாக் இழுவை வண்டி வரும்வரை யூஸ்டைனோடு இருக்க வேண்டும். அக்கார்டியனைத் தூக்க அவர் எழுந்தபோது குன்வோர் அதை ஏற்கெனவே தோளில் மாட்டியிருந்தார்.

"ஆட்டுத்தோலை நீ வச்சுக்கோ. இனிமே உனக்குத்தான் குளிரும்" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அக்கறையாகத்தான் சொன்னார்.

காரைப் பனி ஓரத்துக்குத் தள்ளினார்கள். யூஸ்டைன் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க, திரும்பி வந்த பனி தள்ளும் லாரிக்குப் பின்னால் வரிசை ஒவ்வொரு வண்டியாக அவரைக் கடந்து போனது. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. ஒருவரும் எதுவும் காட்டவில்லை, முழுக் கையையோ ஒற்றை விரலையோ. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகம் மட்டும் திரும்பி, அவரை முழுசாகப் பார்த்துவிட்டுப் போனது. ஒரு சின்னப் பெண் மட்டும் டாட்டா காட்டினாள். தப்பு செய்தவர் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை போல. அவர் ஆட்டுத்தோலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பதிலுக்குக் கை காட்டினார்.

கடைசி வண்டிக்குள் வெயில் காலம் மாதிரி சூடு. யூஸ்டைன் காபி ஊற்றிக் கொடுத்தான். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்:

"அந்தம்மாவுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது."

அஸ்லாக் காபியைப் பார்த்தார்.

"என் கோட்டுல பேரு இத்தனூண்டு. எங்கம்மாவால கிட்ட வந்தாக்கூடப் படிக்க முடியாது. அவங்க அந்தப் பக்கத்து சீட்டுலேர்ந்து படிச்சாங்க, கண்ணாடி இல்லாம." வைப்பரை ஒருமுறை தட்டினான். "சர்க்கரை வேணுமா?"

"வேண்டாம்" என்றார் அஸ்லாக்.

இழுவை வண்டியில் எய்ட்ஃபியோர் ஊர்க் கூடத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது புளிப்புப் பாலேட்டுக் கஞ்சியும் உப்பிறைச்சியும் முடிந்து கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பியானோவின் மூடி சாத்தியிருந்தது. அதன்மேல் காலி கிளாஸ்கள். அக்கார்டியன் பெட்டிக்குள் போயிருந்தது.

அப்படியானால் வாசித்தாகிவிட்டது.

அவர் கண் குன்வோரைத் தேடியது. குன்வோர் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கோட் இல்லை, கன்னம் சிவந்து, தலைமுடி அழகாக வாரியிருந்தது. மூக்கின்மேல் கேக் பெட்டியின் பொன்னிற அட்டையில் வெட்டிய, தட்டு அளவு பெரிய ஒரு மூக்குக்கண்ணாடி.

"வந்துட்டார், வந்துட்டார்" என்று ஹால்வார் மைக்கைப் பிடித்தார். "பாவம், அஸ்லாக் மேல தப்பே இல்ல. பொண்டாட்டியை நம்பினார். இந்தக் கூடத்துல கண் டாக்டர் யாராவது இருக்கீங்களா? குன்வோர், இது எத்தனை விரல்?"

"பதினேழு" என்றார் குன்வோர். கூடம் சிரித்தது. குன்வோரும் சிரித்தார். மாலை முழுக்க அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று தெரிந்தது.

அஸ்லாக்குக்கு நாற்காலி காட்டினார்கள். உட்கார்ந்தார். தட்டில் கேக் வைத்தார்கள். அதைப் பார்த்தபடி இருந்தார். தன் கல்யாணத்திலேயே பேச எழுந்து இரண்டு வரியில் உட்கார்ந்த ஆள் அவர். இப்போது கரண்டியை எடுத்துக் கிளாஸில் தட்டினார். தட்டவேண்டியதற்கு மேல் நாலு தடவை தட்டினார்.

"ஹால்வார்கிட்ட ஒரு பந்தயம்" என்றார். "தோத்துட்டேன். டீசலைப் பத்தி நல்ல வார்த்தை பேசணும்."

சிரிப்பு. யாரோ மேசையைத் தட்டினார்கள்.

"குழாய்க்காரர் ஒருத்தரோட வேன். அதுல ஹீட்டர் இருந்துது. போட்டிருந்தாங்க. குன்வோரோட விரல்... அதனாலதான் வாசிக்க முடிஞ்சுது. நல்ல வண்டி."

இன்னும் பெரிய சிரிப்பு. ஹால்வார் கிளாஸைத் தூக்கிவிட்டார்.

"இன்னும் முடியல. ஐம்பத்திரண்டுன்னு சொன்னது நான்தான். இருபத்தேழுன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். குன்வோர் எதையும் படிக்கல. எனக்காகச் சொன்னா. அப்படியான்னு அந்தப் பையன் என்னைக் கேட்டான். நான் ஆமான்னுட்டேன்."

சிரிப்பு ஒரே நேரத்தில் நிற்கவில்லை, மேசை மேசையாக நின்றது. கதவோரத்தில் காது கேட்காத ஒரு பெரியவர் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் இருந்தவர் அவர் முழங்கையைத் தொடும்வரை.

"அவ்வளவுதான்" என்று அஸ்லாக் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் கோட்டைக் கழற்றவில்லை என்பது தெரிந்தது.

இங்குன் அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். ஹால்வார் தூக்கிய கிளாஸை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் வைத்திருந்து, "சரி, காபி யாருக்கு வேணும்?" என்றார். குன்வோர் அஸ்லாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அட்டைக் கண்ணாடியைக் கழற்றவில்லை. அதற்குப் பின்னால் என்ன முகம் இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை சமையலறையில் இங்குன் அக்கா தனியாக இருக்கும்போது அஸ்லாக் கேட்டார்: "அந்தப் பாட்டு எப்படி வந்துது?"

"நல்லா வந்துது."

"இன்னொரு தரம் ரெண்டு பேரும்..."

"இல்ல அஸ்லாக்" என்றார் அக்கா, வலது கையால் அவருக்கு ரொட்டியை நகர்த்திக்கொண்டே. "அது நேத்திக்கு."

வண்டி இரவெல்லாம் ஹால்வார் வீட்டுச் சுவரில் செருகிக்கிடந்தது. ஹால்வார் அதைப் பற்றி ஒரு நக்கலும் அடிக்கவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது. நூறு சதவீதத்தோடு கிளம்பினார்கள். அஸ்லாக் ஹீட்டரை இருபத்திரண்டுக்கு வைத்தார். ஏற்றத்திலும் குறைக்கவில்லை. பத்து நிமிஷத்தில் குன்வோர் கையுறையைக் கழற்றினார். அப்புறம் கழுத்துத் துணியை. முதல் சுரங்கத்துக்குள் கோட்டையும் கழற்றிப் பின்னால் போட்டார். உள்ளே நீலத்தில் ஒரு சட்டை. கையோரம் வெள்ளைப் பூ. அது புதிதா பழையதா என்று அஸ்லாக்குக்குத் தெரியவில்லை. வாங்கிய நாளிலிருந்து அந்தக் காரில் மனைவி என்ன உடுத்தியிருந்தார் என்று அவர் பார்த்ததே இல்லை. பெயிண்ட் கடைக்காரர், அந்த நீலத்துக்குப் பெயர் சொல்லத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

மேலே தடுப்பு இறங்கியிருந்தது. மறுபடி வரிசை. மறுபடி யூஸ்டைன். அவன் வண்டி எண்ணைப் பார்த்தான், ஓட்டுகிற பக்கத்து ஜன்னலைத் தாண்டினான், முன்புறம் சுற்றி வந்து குன்வோர் பக்கத்து ஜன்னலைத் தட்டினான்.

குன்வோர் முழுசாக இறக்கினார்.

"எவ்வளவு இருக்கு?" என்று அந்தம்மாவைக் கேட்டான்.

குன்வோர் பையைத் திறந்தார். பொன்னிற அட்டைக் கண்ணாடியை எடுத்து, மடங்கிய காதை நிமிர்த்தி, பொறுமையாக மாட்டிக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் மூக்கு படும்படி குனிந்தார்.

"அறுபத்தாறு."

"சரியாப் பாத்தீங்களா?"

"சரியாப் பாத்தேன்."

"அப்ப சரி" என்றான் யூஸ்டைன். அவன் உதடு கொஞ்சம் கோணியது. அஸ்லாக் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஜன்னல் ஏறியது. உள்ளே வந்த குளிரை ஹீட்டர் மெல்லத் தின்றது.

"கொஞ்சம் கூட்டி வைக்கட்டுமா?" என்றார்.

"வை" என்றார் குன்வோர்.

அட்டைக் கண்ணாடியைக் கழற்றித் திரையின்மேல் மாட்டினார். அட்டை வளையத்துக்குள் எண் மட்டும் தெரிந்தது. அறுபத்தாறு, பிறகு அறுபத்தைந்து. அஸ்லாக் அதைப் பார்க்காமல் தடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவில்லை என்பதைக் குன்வோர் பார்த்துக்கொண்டிருந்தார்.